கரண்ட் வைத்த உடம்பு

ஸ்ரீராம்புரம்,
9.6.2025

அண்ணி,

என் பிள்ளையை என்னைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

நலமா என்று கேட்டுவிட்டுத்தான் இதை எழுதியிருக்க வேண்டும். ஆனால் முதலில் இதுதான் வருகிறது. நீங்களும் அண்ணனும் சுகமாக இருங்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்கக்கூட நீங்கள் காத்திருக்கவில்லை.

இன்று ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கிற ரேடியேஷன் மெஷின் ரிப்பேர். மதியம் வரை உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் ரக்ஷாவின் செருப்பைக் காணோம். அவள் கட்டிக்கொண்டு தூங்குகிற என் பழைய நைட்டியும் இல்லை. என் வீட்டுக்காரர், உங்கள் தம்பிதான், சுவரைப் பார்த்துக்கொண்டே, "அக்கா வந்து கூட்டிட்டுப் போயிருச்சு. உனக்குக் கரண்ட் வைக்கிறாங்க இல்ல? சின்னக் குழந்தை பக்கத்துல இருக்கக் கூடாதாம், மாமா சொன்னாரு" என்றார். அண்ணன் டாக்டருக்கு எப்போது படித்தார் என்று கேட்டேன். பூ வண்டியைக் கழுவப் போய்விட்டார்.

மார்பை எடுத்த பிறகு டியூபும் பாட்டிலுமாக நான் கிடந்தபோது என்னைக் குளிப்பாட்டியவர் நீங்கள். என் அம்மா இருந்தால்கூட அப்படிச் செய்திருப்பாளா தெரியாது. அதே நீங்கள் இதையும் செய்திருக்கிறீர்கள். அதுதான் எனக்குப் புரியவில்லை.

போனில் பேச முடியவில்லை. கழுத்து எலும்புப் பக்கமும் கரண்ட் வைக்கிறார்கள். தொண்டை புண்ணாகிக் குரல் போய்விட்டது. உங்கள் வீட்டு போனும் பகலெல்லாம் அண்ணனோடு ஃபேக்டரியில் இருக்கிறது. அதனால்தான் கடிதம். உங்கள் தம்பி ரோஜா ஏற்ற அத்திபெலே வரும்போது தருவார். அவர் திரும்பும்போது பிள்ளையை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூபினி


அத்திபெலே,
14.6.2025

அன்புள்ள ரூபினிக்கு அண்ணி எழுதுவது,

இங்கே எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தொண்டைப் புண்ணுக்குக் காரம் சேர்க்காதே. மோரில் சாதத்தைக் கரைத்துக் குடி.

கோபப்படாதே. கேட்டால் நீ விடமாட்டாய் என்றுதான் கேட்கவில்லை. உன் அண்ணன் ஃபேக்டரியில் இரும்பு வார்ப்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வெளியிலிருந்து ஆள் வந்து எக்ஸ்ரே எடுப்பார்கள். ஷெட்டைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, விசில் அடித்து எல்லோரையும் துரத்திவிடுவார்களாம். அந்தப் பெட்டியைத் தெரியாமல் தொட்ட ஒரு பையனுக்கு விரல் கறுத்துப்போனதை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பெட்டியின் மேல் மூன்று இதழ் போட்ட மஞ்சள் அடையாளம் இருக்கும். அதே அடையாளம் உன் ஆஸ்பத்திரிக் கதவிலும் இருக்கிறது. "இரும்புக்குள்ளயே பூந்து போறது மனுசி உடம்புல தங்காதா?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?

ரக்ஷா நன்றாக இருக்கிறாள். முதல் நாள்தான் அழுதாள். பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைக் காட்டினால் சோறு இறங்குகிறது.

என் பழைய வாயில் புடவையைக் கிழித்து, துவைத்து அனுப்பியிருக்கிறேன். மிருதுவாக இருக்கும், எரிகிற இடத்தில் போட்டுக்கொள். கரண்ட் வைப்பது முடியட்டும், பிறகு பார்க்கலாம்.

மனதை அலையவிடாதே.

உன் அண்ணி
தமயந்தி


ஸ்ரீராம்புரம்,
20.6.2025

அண்ணிக்கு வணக்கம்.

அண்ணனின் முதுகுவலி எப்படி இருக்கிறது? வாயில் புடவைத் துணி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நன்றி சொல்லவும் மனம் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மெஷினை இயக்குகிற ஜூடித் மேடத்திடம் உங்கள் ஃபேக்டரிக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "அந்தப் பெட்டிக்குள்ள மருந்து மாதிரி ஒரு பொருள் இருக்கும்மா, அது எப்பவும் அடிச்சிட்டே இருக்கும். இங்க அப்படி இல்ல. மெஷின் நின்னா எல்லாம் நின்னுச்சு. லைட்டை அணைச்சப்புறம் வெளிச்சம் உங்க மேல ஒட்டிட்டு இருக்குமா? குழந்தையைத் தாராளமா தூக்குங்க, வலது கையில மட்டும் தூக்காதீங்க" என்றார். அண்ணனை ஒரு நாள் அழைத்து வாருங்கள், அவருக்கும் சொல்வார்.

அந்த அறையில் என்னைத் தனியாகப் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கதவு ஒரு சுவர் அளவு கனம். அது மூடிக்கொள்கிற சத்தம் இருக்கிறதே, அண்ணி, அது கேட்டதும் எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வரும். "அசையாதீங்க ரூபினி" என்று ஸ்பீக்கரில் குரல் வரும். வலி எதுவும் இல்லை. வலியெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். அக்குள் கறுத்து, மடிப்பில் தோல் வெந்துவிட்டது. கோடு போட்ட ஊதா மை அழியக் கூடாது, அதனால் சோப்பு கூடாது. என் நாற்றம் எனக்கே அடிக்கிறது. ஜாக்கெட் போட முடியாமல் உங்கள் தம்பியின் பனியனைப் போட்டு மேலே துப்பட்டா சுற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். சீட் கேட்டால் என்ன வியாதி என்கிறார்கள். மார்பில் என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டுமா?

வைட்ஃபீல்டில் நான் வேலை செய்த வீட்டு மேடம் இந்த வியாதிக்காக ரோஸ் ரிப்பன் குத்திக்கொண்டு ஊர்வலம் நடந்தவர். போட்டோவை ஹாலில் மாட்டியிருக்கிறார். தினமும் நான்தான் தூசி தட்டுவேன். எனக்கு அதே வியாதி என்று தெரிந்த மறுநாளே வேறு ஆள் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் போட்டு ரக்ஷாவிடம் கொடுத்தார். "பாப்பா" என்றேன். என் குரலைக் கேட்டு, "பூச்சாண்டி" என்று வீறிட்டு ஓடிவிட்டாள். இனி எழுத மட்டும்தான் செய்வேன்.

ஜூடித் மேடம் சொன்னதற்குப் பதில் எழுதுங்கள்.

ரூபினி


அத்திபெலே,
2.7.2025

அன்புள்ள ரூபினிக்கு,

நாங்கள் நலம். உன் நலமே எங்களுக்கு வேண்டும். கை வீக்கம் இருக்கிறதா? படியேறினால் மூச்சு வாங்குகிறதா?

தோட்டத்துச் சோற்றுக் கற்றாழையும் விளக்கெண்ணெயும் அனுப்பியிருக்கிறேன். வெந்த இடத்தில் தடவு.

பாப்பாவை இங்கே அங்கன்வாடியில் விட்டேன். சும்மா பொழுதுபோக்குக்குத்தான். அதற்குள் வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் "பேடா, பேடா" என்கிறாள். எதைக் கொடுத்தாலும் முதலில் பேடா, பிறகு பிடுங்கிக்கொண்டு ஓட்டம். உன் அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவர் சிரித்தே நாளாகிவிட்டது.

நேரத்துக்குத் தூங்கு.

உன் அண்ணி


ஸ்ரீராம்புரம்,
18.7.2025

அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருப்பது உங்கள் தம்பி முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அங்கே வந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

கரண்ட் முடிந்தது. கடைசி நாள் ஜூடித் மேடம் கை கொடுத்தார். "முடிஞ்சப்புறம்தான் இன்னும் எரியும், பயப்படாதீங்க" என்றார். அப்படித்தான் ஆயிற்று. அக்குளில் தோல் உரிந்து ஈரமாக இருக்கிறது. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சண்டைக்குப் போகிறவள் மாதிரி நிற்கிறேன். வேறு எப்படி நின்றாலும் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய், கற்றாழை எதுவும் தடவாதே என்று திட்டிக் களிம்பு கொடுத்தார்கள். நீங்கள் அனுப்பியதைத் தலையில் தேய்த்துக்கொண்டேன். முடி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது.

சோர்வைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அரிசி களைந்து அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் குழைந்த நாற்றம் வரும்போதுதான் எழுகிறேன். உங்கள் தம்பி வண்டியில் படுத்துக்கொள்கிறார். பூ வாடிவிடும், காவல் வேண்டும் என்கிறார். வெறும் வண்டிக்கு என்ன காவல்?

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். எதிர் வீட்டுக் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். ஜூடித் மேடம் சொன்னது எனக்குத் தெரியும், ஆனாலும் கால் நகர்ந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னையும் நம்ப வைத்துவிட்டீர்கள்.

முடிந்த பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். முடிந்துவிட்டது. கொண்டு வந்து விடுங்கள்.

ரூபினி


அத்திபெலே,
28.8.2025

அன்புள்ள ரூபினிக்கு,

பதில் போடத் தாமதம். உன் உடம்பு தேறியிருக்கும் என்று நினைக்கிறேன். எடை பார்த்தார்களா? குறைந்திருக்கிறதா?

ஆவணி பிறந்ததும் நல்ல முகூர்த்தம் வந்தது. ரக்ஷாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்திவிட்டோம். சுருக்கமாகத்தான். நீ இந்தக் கூட்டத்தில் வந்து கஷ்டப்பட வேண்டாம் என்று தம்பிதான் சொன்னான். உன் அண்ணன் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம். அவரும் மாமாதானே. பாப்பா இரண்டாவது காதுக்குத்தான் அழுதாள். பச்சைக் கல் தோடு, அவளுக்கு எடுப்பாக இருக்கிறது.

சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணி


ஸ்ரீராம்புரம்,
2.9.2025

அண்ணி,

சுகம் கேட்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும் சுகமாக இருங்கள்.

தாய்மாமன் மடியில்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அண்ணன் அவளுக்கு அத்தை புருஷன், தாய்மாமன் ஆவாரா? என் தம்பி சரவணன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். ரக்ஷா பிறந்ததிலிருந்தே அவளுக்குத் தோடு போட ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவன். அவனுக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. உங்கள் தம்பிக்குத் தெரியும். அன்று காலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மார்க்கெட்டில் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான்தான் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன், இடது கையால்.

சரவணன் இதைக் கேட்டதும், "அவங்க வூட்டுல மாமனுக்கு ஆள் எடுத்துட்டாங்களா? எனக்கு ரிலீவிங் லெட்டர் எப்ப?" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு போய்ப் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றான்.

உங்களுக்குப் பிள்ளை இல்லை என்று நான் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

நானே கிளம்பி வந்துவிடுவேன். இப்போது வறட்டு இருமல் பிடித்திருக்கிறது. கரண்ட் பட்டதில் நுரையீரல் கொஞ்சம் புண்ணாகும், மாத்திரையில் ஆறிவிடும் என்கிறார்கள். சிக்னல் வரை நடந்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது நின்றதும் வருவேன்.

இதற்கு முன் ஆகஸ்டில் ஒரு கடிதம் எழுதினேன். அது உங்கள் தம்பியின் சட்டைப் பையில் நனைந்து கூழாகக் கிடைத்தது. அதனால் இதைத் தபாலில் போடுகிறேன்.

ரூபினி


அத்திபெலே,
15.10.2025

அன்புள்ள ரூபினிக்கு,

நாங்கள் சுகம். உன் இருமல் எப்படி இருக்கிறது? சளியில் ரத்தம் வருகிறதா? ராத்திரி படுக்க முடிகிறதா, உட்கார்ந்துகொண்டே இருக்கிறாயா? எலும்பில் எங்காவது வலி உண்டா? மறைக்காமல் எழுது.

தீபாவளிக்கு ரக்ஷாவுக்கு மஞ்சள் பாவாடை எடுத்திருக்கிறோம். உனக்கும் ஒரு புடவை தம்பியிடம் கொடுத்திருக்கிறேன்.

கடவுள் பார்த்துக்கொள்வார்.

உன் அண்ணி


ஸ்ரீராம்புரம்,
24.10.2025

அண்ணிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு முதலில் பதில். ரத்தம் வரவில்லை. படுத்துத்தான் தூங்குகிறேன். எலும்பு வலி இல்லை. இருமல் நின்றுவிட்டது. போன வாரம் டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு மூன்று மாதம் கழித்து வா என்றார். போதுமா?

தீபாவளி அன்று சரவணனின் போனிலிருந்து கூப்பிட்டேன். குரல் இப்போது பழையபடி வந்துவிட்டது. பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டுதான் போட்டேன். அவளே எடுத்தாள்.

"ஹலோ, யாரு?"

"யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்றேன்.

"பட்டாசு ஆண்ட்டியா?"

"ஆண்ட்டி இல்லடி செல்லம். சரி, அத்தை எங்கே?"

"அத்தை இல்லியே. அம்மா இருக்காங்க. அம்மா அங்கடிக்குப் போயிருக்காங்க, எண்ணெய் வாங்க."

நான்தான் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டு வெடி பார்க்க ஓடிவிட்டாள். வெடிச் சத்தமும் பக்கத்து வீட்டு நாய்க்குட்டியின் குரைப்பும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. யாராவது வந்து போனை எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன்.

மூன்று வயதுக் குழந்தை தானாக அப்படிக் கூப்பிடாது. யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும், அல்லது திருத்தாமல் இருக்க வேண்டும். நீங்கள் எதைச் செய்தீர்கள்? அவளிடம் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

புடவை என்னிடம் இருக்கிறது. கட்டவில்லை.

ரூபினி


அத்திபெலே,
10.11.2025

ரூபினி,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நான் கும்பிடாத நாள் இல்லை. இதை நம்பினால் நம்பு.

நீ கேட்டதால் சொல்கிறேன். முதலில் நான் கரண்ட்டுக்குப் பயந்துதான் தூக்கி வந்தேன். நீ ஜூடித் மேடம் சொன்னதை எழுதியதும் உன் அண்ணன்கூட, "சரி, அனுப்பிடு" என்றார். தம்பிதான் வேண்டாம் என்றான். "அவ தேற மாட்டா அக்கா. பாப்பா இப்பவே மறந்துட்டா, அப்புறம் தேடாது" என்றான். டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன். "டாக்டர் சொல்லணுமா? நீ அவளைத் துணி இல்லாம பாத்திருக்கியா இப்போ?" என்றான். அழுதான். என் தம்பி அழுது நான் பார்த்ததில்லை. நான் நம்பிவிட்டேன்.

அவள் முதல் முறை என்னை அம்மா என்றபோது அத்தை என்று திருத்தினேன். இரண்டாம் முறையும் திருத்தினேன். அதன் பிறகு திருத்தவில்லை. அம்மா சாமியிடம் போகப் போகிறாள் என்று அவளிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு வேலை இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

இப்போது அவள் உன்னைக் கேட்டு அழுவதை நிறுத்திவிட்டாள். மறுபடியும் கொண்டு வந்து விட்டு, மறுபடியும் உனக்கு ஏதாவது ஆகி, மறுபடியும் பிரித்தால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்? நீயே யோசித்துச் சொல். கொஞ்ச நாள் போகட்டும்.

இங்கே வராதே. வந்து என்னை அசிங்கப்படுத்தாதே.

தமயந்தி


அத்திபெலே,
16.11.2025
உங்கள் வீட்டு வாசல்படி

அண்ணி,

பக்கத்துக் கடையில் பேப்பரும் பேனாவும் வாங்கி எழுதுகிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன். ஜாக்கெட் போட்டிருக்கிறேன். அக்குளில் தோல் தடித்துக் கறுப்பாக இருக்கிறது, ஆனால் ஆறிவிட்டது. கை தோள் வரை தூக்குகிறது. சுகம்தான்.

நான் தட்டியதும் டிவி நின்றுவிட்டது. அதற்கு முன் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர், "இப்பத்தானேம்மா உள்ள போனாங்க, குழந்தைகூட" என்கிறார். ஜன்னலைச் சாத்திவிட்டீர்கள். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அவள் ஒரு தடவை ஏதோ கேட்டாள், நீங்கள் வாயைப் பொத்தியிருக்க வேண்டும்.

காலையில் உங்கள் தம்பியிடம் நேராகக் கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. "உன் நல்லதுக்குத்தான்" என்றார். அவர் அழுதது எனக்காக என்று நினைத்தீர்களா? பொண்டாட்டி செத்தவன் என்றால் எல்லோரும் பாவம் என்பார்கள், வெந்த உடம்போடு ஒருத்தி வீட்டில் உயிரோடு இருந்தால் அவளோடு வாழ வேண்டும். அவருக்கு எது சுலபம்? இரண்டு நாளைக்கு முன் பாத்திரம் கழுவும்போது, "உன் தட்டை மட்டும் தனியா வை" என்றார். எல்லாம் முடிந்து இத்தனை மாதத்துக்குப் பிறகு.

நீங்கள் கேட்டதை யோசித்தேன். எனக்கு மறுபடி வரலாம், வராமலும் போகலாம். டாக்டருக்கே தெரியாது. வந்தால் அப்போது நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். அதற்காக இப்போதே என்னை எடுத்துப் போட்டுவிட நீங்கள் யார்? நாளைக்கு என்ன ஆகுமோ என்று காய்ச்சல் வந்தவளையும் லாரி ஓட்டுகிறவனையும் யாராவது இப்படிப் பிள்ளையிடமிருந்து பிரித்து வைக்கிறார்களா?

அவள் என்னை ஆண்ட்டி என்று கூப்பிடட்டும். பூச்சாண்டி என்று ஓடட்டும். நாள் ஆகும். நான் எங்கேயும் போகவில்லை. சரவணன் தெருமுனையில் ஆட்டோவோடு நிற்கிறான். அவனைச் சண்டை போடக் கூட்டி வரவில்லை, என்னால் அவளை வலது கையில் தூக்க முடியாது என்பதால்தான் வந்திருக்கிறான். உங்களை யாரும் அசிங்கப்படுத்த மாட்டார்கள். நீங்களும் கூடவே வாருங்கள், வந்து எங்களோடு நாலு நாள் இருங்கள். அவளுக்கும் பழகும்.

இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். உங்கள் கால் நிழல் தெரிகிறது. முதல் தாளை எடுத்துவிட்டீர்கள். படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் இன்னொரு தாளில் இதை எழுதுகிறேன்.

படித்து முடித்திருப்பீர்கள்.

கதவைத் திறங்கள், அண்ணி.